பொத்தானும் அகச்சிவப்பு ஒளியும்

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. அந்தப் பொத்தான் இருக்கும் இடத்திற்குச் செல்லாமல், நாம் இருக்கும் இடத்திலிருந்தே அதே வேலையைச் செய்விக்கும் ‘ரிமோட்’ என்னும் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி நம் சங்க அங்கத்தினர் பலருடைய கவனத்தைக் கவர்ந்துள்ளது. வாலாஜாபாத், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பகுதிகளில் தறி வைத்திருப்போர், விளக்குக்கும் மின்விசிறிக்கும் அதைப் பொருத்தலாமா என்று வினவுகின்றனர். பாலாற்றின் இருகரையிலும் பயிர் செய்வோர், பம்புசெட்டுக்குப் பொருத்தலாமா என்று வினவுகின்றனர். கடைக்காரர் இருசாராருக்கும் ‘தாராளமாகப் பொருத்தலாம்’ என்றே விடையளிக்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. ஆயினும் அது பாதி விடையே. எந்த வேலைக்கு ரிமோட் ஏற்றது, எந்த வேலைக்கு ஏலாது, பழைய பொத்தானை என்ன செய்வது என்னும் மறுபாதியை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் தேவையைக் கவனிப்போம். குழித்தறியில் அமர்ந்து நெய்பவர், கால்களைக் குழிக்குள் விட்டு, மிதியின்மேல் வைத்துக்கொண்டு பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். விளக்கின் சுவிட்சு வாயிற்படியின் அருகிலோ எதிர்ச்சுவரிலோ இருக்கும். இழை அறுந்து, அதைப் பிணைக்கும்போது விசிறிக்காற்று இழையை அலைக்கழிக்கும். அந்த இரண்டு நிமிஷத்திற்கு விசிறியை நிறுத்தவேண்டும். நிறுத்துவதற்குக் குழியிலிருந்து எழவேண்டும். பிறகு ஓடவிட மீண்டும் எழவேண்டும். இளைஞருக்கு இது பெரிதன்று. அறுபது வயதைத் தாண்டி, முழங்கால் வலியுடன் தறியில் அமர்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு முறை எழுவதும் ஒரு துன்பம். ஆகவே பலர் எழாமலே, வியர்வை வழிய, குறைந்த வெளிச்சத்தில் நெய்துகொண்டிருக்கின்றனர். கண்ணும் கெடுகிறது, சேலையில் குறையும் விழுகிறது.

விவசாயியின் தேவை வேறு வகையானது. மழைக்காலத்தில் ஈரக்கையோடும் ஈரக்காலோடும் மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்து, இரும்புப் பெட்டியிலுள்ள ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். பெட்டிக்குத் தரையிணைப்புச் சரியாக இல்லாமற்போய், உள்ளே ஒரு கம்பி பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளைவு என்னவென்று சொல்லவேண்டியதில்லை. நம் ஊர்களில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாரேனும் ஒருவர் வீட்டில் அந்தத் துக்கம் நிகழ்வதை நாம் அறிவோம்.

பொத்தானும் சுவிட்சும்

பொதுவாக நாம் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். ஆனால் ரிமோட்டைப் பற்றிப் பேசும்போது இவற்றின் வேற்றுமையை அறிந்தே தீரவேண்டும். சுவரிலுள்ள விளக்குச் சுவிட்சு, தட்டிய நிலையிலேயே நின்றுவிடும். மேலே இருந்தால் ஒரு நிலை. கீழே இருந்தால் மற்றொரு நிலை. அழைப்புமணிப் பொத்தானோ, விரல் அழுத்தும் வரைதான் வேலை செய்யும்; விரலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மோட்டார் ஸ்டார்ட்டரிலுள்ள பச்சைப் பொத்தான் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதை அழுத்தியதும் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் காந்தமாகிறது. அக்காந்தம் மோட்டாருக்குரிய தொடர்புகளை இழுத்து மூடுகிறது. அதே சமயம், பொத்தானுக்குப் பக்கத்தில் இணையாக அமைந்த ஒரு சிறு தொடர்பையும் மூடிக்கொள்கிறது. அதனால்தான் விரலை எடுத்த பின்னும் மோட்டார் ஓடுகிறது. சிவப்புப் பொத்தான் அக்கம்பிச்சுருளுக்குச் செல்லும் மின்சாரத்தை ஒரு கணம் அறுக்கிறது, காந்தம் விடுகிறது, மோட்டார் நிற்கிறது. மின்தடை ஏற்பட்டாலும் அப்படியே. மின்சாரம் போனால் காந்தம் விட்டுவிடும்; மீண்டும் மின்சாரம் வந்தாலும் ஒருவர் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. இந்த ஏற்பாடு யாரையும் அலைக்கழிப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. மின்சாரம் இல்லாத நேரத்தில் கிணற்றுக்குள் இறங்கியவரும், பெல்ட்டில் கை வைத்தவரும் உயிரோடு மீளவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது.

எனவே பொத்தான் என்பது ஒரு செய்தி. ‘ஓடு’ என்பது ஒரு செய்தி. ‘நில்’ என்பது மற்றொரு செய்தி. ரிமோட் அந்தச் செய்தியைக் கம்பியில்லாமல் கொண்டுசேர்க்கிறது.

கண்ணுக்குப் புலனாகாத ஒளி

1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷெல் என்னும் வானியல் அறிஞர், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்தி, வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்தின்மேலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி அதிக வெப்பத்தைக் காட்டியது. அங்கே கண்காணா ஒளி ஒன்று விழுந்துகொண்டிருந்தது. அதையே இப்பொழுது அகச்சிவப்பு என்கிறோம்.

அடுப்புத் தணலிலும், வெயிலிலும், நம் உடம்பிலுங்கூட அகச்சிவப்பு உண்டு. வேண்டியபோது தோற்றுவித்து, வேண்டாதபோது நொடியில் நிறுத்தக்கூடிய அகச்சிவப்பு விளக்குக்கு வழி பிறந்தது 1961-இல். அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியில் பணியாற்றிய ஜேம்ஸ் பையர்ட், கேரி பிட்மன் என்னும் இருவர், காலியம் ஆர்சனைடு என்னும் பொருளில் மின்சாரம் பாய்ந்தால் அகச்சிவப்பு வெளிப்படுவதைக் கண்டனர். இன்று ரிமோட்டின் முனையில் பயறளவில் தெரியும் சிறு விளக்கு அந்த மரபில் வந்ததே. பெரும்பாலான ரிமோட்டுகளில் அது 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைத் தருகிறது. நம் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டரைத் தாண்டினால் சரிவரக் காண்பதில்லை. ஆதலால் நமக்கு அது இருளே.

வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறதென்றால், வாங்கி எந்த ஒளிக்குப் பணியவேண்டும் என்று எப்படி அறியும்? இந்த இடர்ப்பாட்டைத் தொலைக்காட்சிப் பெட்டி செய்தோர் முன்பே பட்டறிந்தனர். 1955-இல் அமெரிக்க ஜெனித் கம்பெனியின் எஞ்சினியர் யூஜீன் பாலி, கைவிளக்குப் போன்ற ஒரு கருவியைச் செய்தார். அதன் ஒளியைப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் உள்ள ஒளிக்கண்களில் பாய்ச்சினால், ஒரு மூலை நிலையத்தை மாற்றும். ஒரு மூலை ஒலியை அடக்கும். நல்ல யோசனைதான். ஆனால் சன்னல் வழியாக வெயில் விழுந்தாலும் பெட்டி தானே நிலையம் மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே அதே கம்பெனியில் ராபர்ட் ஆட்லர் என்பவர் ஒளியைக் கைவிட்டு, காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் அலுமினியக் கோல்களைக் கொண்ட கருவியைச் செய்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் அதுவே வழக்கிலிருந்தது. 1980-க்குப் பிறகுதான் அகச்சிவப்பு அதன் இடத்தைப் பிடித்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ரிமோட் வந்தது, தமிழக அரசு 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் வாயிலாகத்தான் எனலாம்.

வெயிலை வென்ற முறை இதுதான். ரிமோட் விளக்கு நின்று எரிவதில்லை. வினாடிக்கு 38,000 முறை எரிந்து அணைகிறது. வெயிலோ நிலையானது. வாங்கியிலுள்ள சில்லு, 38,000 என்னும் துடிப்போடு வரும் ஒளியை மட்டும் ஏற்று, மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. தெருவெங்கும் தறி ஓடும்போதும் தன் வீட்டுத் தறியின் தட்டோசையை மட்டும் ஒருவர் பிரித்தறிகிறார் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். கடைகளில் ‘டி.எஸ்.ஓ.பி. 1738’ என்று கேட்டு வாங்கும் மூன்று கால் சில்லு இவ்வகையைச் சேர்ந்தது. கடைசி இரண்டு எண்கள் 38 கிலோஹெர்ட்சைக் குறிக்கும்.

ஜக்கார்டு அட்டையும் ரிமோட் குறியீடும்

துடிப்பு மட்டும் போதாது. ஓடு, நில், வேகங்கூட்டு என்று பல கட்டளைகள் உண்டு. பக்கத்து வீட்டு ரிமோட்டும் 38,000 முறைதான் துடிக்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு குறியீடு வேண்டும்.

இதை நெசவாளருக்கு விளக்குவது எளிது. ஜக்கார்டு அட்டையில் துளையிருந்தால் ஊசி உட்செல்கிறது, துளையில்லாவிடில் தடுக்கப்படுகிறது. துளை, துளையின்மை என்னும் இரண்டே செய்திகளைக் கொண்டு மயிலும் அன்னமும் முந்தானையில் தோன்றுகின்றன. ரிமோட்டும் தன் கட்டளையை 32 இடங்களுள்ள ஓர் அட்டையாகவே அனுப்புகிறது. நெக் முறை என்னும், பரவலாக வழங்கும் முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் 9 மில்லிவினாடி நீளத்திற்கு ஒளித்துடிப்பு, பிறகு 4.5 மில்லிவினாடி மௌனம். ‘கவனி’ என்று கூப்பிடுவது இது. அதன்பின் 32 குறிகள். ஒவ்வொரு குறியும் ஒரு சிறு துடிப்போடு தொடங்கும். அடுத்துவரும் மௌனம் குறுகியதாக இருந்தால் 0, நீண்டதாக இருந்தால் 1. முதல் 8 குறிகள் இக்கட்டளை எந்தக் கருவிக்கு என்னும் முகவரி. அடுத்த 8 குறிகள் அந்த முகவரியையே தலைகீழாக்கியவை. 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0. மூன்றாம் எட்டு கட்டளை. நான்காம் எட்டு கட்டளையின் தலைகீழ். சங்கக் கணக்கில் பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால் ஐந்தொகையை ஏற்காததுபோல, நேரும் தலைகீழும் ஒத்துவராவிட்டால் வாங்கி அக்கட்டளையை ஏற்காது. இவ்வளவும் ஒரு வினாடியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது.

இவ்வாறு குறியீட்டைப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி ஒன்று. எந்தத் துடிப்பு வந்தாலும் நிலையை மாற்றிவிடும் மலிவான கருவி மற்றொன்று. கடையில் இரண்டுக்கும் பெயர் ‘ரிமோட் சுவிட்சு’தான். இரண்டாம் வகையில் சில்லின் வெளியீட்டை ஒரு சாதாரண எண்ணிச் சில்லுக்குக் கொடுத்து, ஒருமுறை துடித்தால் எரியவும், மறுமுறை துடித்தால் அணையவும் செய்துவிடுகின்றனர். எந்த ரிமோட்டைக் காட்டினாலும் அது வேலை செய்யும். பள்ளி மாணவர் செய்து பார்ப்பதற்கு நல்ல பாடம். தறிவீட்டு விளக்குக்கு அதை வைத்தால், குழந்தை தொலைக்காட்சியில் ஒலியைக் கூட்டும்போதெல்லாம் தறியில் விளக்கு அணையும். அது நகைப்போடு போய்விடும். மோட்டாருக்கு வைத்தால் நகைப்போடு போகாது. வாங்குமுன் கடையிலேயே வேறு ரிமோட் ஒன்றைக் காட்டிச் சோதித்துப் பார்ப்பது நலம்.

இன்னொரு நுட்பம். பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை ரிமோட் ஒரு வினாடிக்கு ஒன்பது முறை போல ‘அதே கட்டளை’ என்னும் சுருக்கக் குறியை அனுப்பிக்கொண்டே இருக்கும். வாங்கி அவற்றைப் புதிய கட்டளைகளாக எண்ணிக்கொண்டால் விளக்கு எரிந்து அணைந்து எரிந்து படபடக்கும். நல்ல கருவி இச்சுருக்கக் குறியைப் புறக்கணித்துவிடும். அதைவிடச் சிறந்தது, ஓடுவதற்கு ஒரு பொத்தானும் நிறுத்துவதற்கு வேறொரு பொத்தானும் உள்ள ரிமோட். ஒரே பொத்தான் இரண்டு வேலையும் செய்தால், இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறியாமல் அழுத்துபவர், நிறுத்துவதாக நினைத்து ஓட்டிவிடக்கூடும்.

மதகும் ரிலேயும்

சில்லு தரும் மின்சாரம் மிகச் சிறிது, 5 வோல்ட்டு. விசிறிக்கு வேண்டியது 230 வோல்ட்டு. இடையே நிற்பது ரிலே. தென்னேரி போன்றதோர் ஏரியின் மதகை ஒரு நீர்க்கட்டி தன் கைவலியால் திறக்கிறார். பாய்வதோ ஆயிரம் மாடு கட்டி இழுத்தாலும் இழுக்கமுடியாத வெள்ளம். நீரைத் தள்ளுவது அவர் கையன்று. ரிலேயில் 5 வோல்ட்டுச் சிறு காந்தம் மதகைத் திறக்கும் கை. 230 வோல்ட்டு அதன் வழியே பாயும் நீர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நம் கையில் இருக்கும் ரிமோட்டிலோ இரண்டு சிறு பேட்டரிகளின் 3 வோல்ட்டுதான் உண்டு. ஈரக்கையால் தொட்டாலும் ஆபத்தில்லை. ஈரக்கைக்கும் மின்சாரத்துக்கும் நடுவே காற்றைத் தவிர வேறொன்றுமில்லை என்பதே, என் கருத்தில், இக்கருவியின் முதற்பயன். எழாமல் இருப்பது இரண்டாம் பயன்.

ரிலேயின் முதுகில் ‘10 ஆம்பியர், 250 வோல்ட்டு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, 5 குதிரைச்சக்தி மோட்டார் 8 ஆம்பியருக்கும் குறைவாகத்தானே இழுக்கிறது, நேரே அதன் வழியாகவே ஓட்டிவிடலாம் என்று சிலர் கணக்கிடுகின்றனர். இது தவறு. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிட ஐந்து, ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தப் பொறியில் ரிலேயின் தொடர்புகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு ரிமோட்டில் ‘நில்’ என்று எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நில்லாது. விளக்கு, விசிறி ஆகியவற்றுக்கு ரிலே நேரடியாக நிற்கலாம். மோட்டாருக்கோ அது ஸ்டார்ட்டரின் பொத்தானை அழுத்தும் விரலாக மட்டும் இருக்கவேண்டும்.

விரலாக இருப்பதிலும் முறை உண்டு. ‘ஓடு’ ரிலேயைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், ‘நில்’ ரிலேயைச் சிவப்புப் பொத்தானுக்குத் தொடராகவும் சேர்ப்பார்கள். ‘ஓடு’ ரிலே ஒரு வினாடிபோல மூடித் திறந்துவிடவேண்டும். சிலர் செய்வதுபோல் அது மூடியபடியே நின்றுவிட்டால், பச்சைப் பொத்தானை ஒருவர் ஓயாமல் அழுத்திக்கொண்டிருப்பதற்கு அஃது ஒப்பாகும். சிவப்பை அழுத்தினால் மோட்டார் நிற்கும்; விரலை எடுத்தால் மீண்டும் ஓடும். மின்சாரம் போய் வந்தாலும் தானே ஓடும். ஸ்டார்ட்டரைச் செய்தவர் உயிர்காக்க வைத்த ஏற்பாடு முழுவதும் ஒரு சிறு கம்பியிணைப்பினால் பாழாகிவிடும். இன்னொன்று: மும்முனை மின்சார ஸ்டார்ட்டர்களில் பலவற்றின் கம்பிச்சுருள் இரண்டு முனைகளுக்கிடையே, அதாவது 415 வோல்ட்டில் இயங்குகிறது. 250 வோல்ட்டு என்று எழுதிய ரிலே அதற்கு ஏற்றதன்று. இடையில் தகுந்த துணைக் காண்டாக்டர் ஒன்றை வைக்கவேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் இதை அறிவார். அவரைக்கொண்டே இவ்வேலையைச் செய்விக்கவேண்டும்.

எட்டாமையே காவல்

அகச்சிவப்புக்கு ஒரு குறையுண்டு என்று எல்லோரும் சொல்வர். அது சுவரைத் துளைக்காது; அறைக்குள் 10 மீட்டர் போலத்தான் எட்டும்; வாங்கி கண்ணுக்குத் தெரியவேண்டும்; அதன்மேல் நேர்வெயில் பட்டால் தடுமாறும். ‘இதற்குப் பதில் ரேடியோ ரிமோட் வாங்குங்கள், இரண்டு வயல் தாண்டியும் வேலை செய்யும்’ என்று கடைக்காரர் கூறுவார். கைப்பேசியால் பம்புசெட்டை இயக்கும் கருவிகளும் வந்துள்ளன. பூனாவைச் சேர்ந்த எஞ்சினியர் சந்தோஷ் ஆஸ்ட்வால் ‘நானோ கணேஷ்’ என்னும் இத்தகைய கருவியை உருவாக்கி, 2009-ஆம் ஆண்டில் நோக்கியா கம்பெனி நடத்திய போட்டியில் பரிசு பெற்றார். நம் மாநில வேளாண்மைப் பொறியியல் துறையும் கைப்பேசிக் கருவிகளுக்கு மானியம் அளித்திருக்கிறது. இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில், பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்கவேண்டாம் என்பது சிறிய உதவியன்று. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

எனினும், காணாத இயந்திரத்தை ஓட்டுவது என்பது, அதன் அருகில் யார் இருக்கிறார் என்று அறியாமல் ஓட்டுவது. அவளூர்ப் பக்கத்துத் திறந்த கிணறு ஒன்றில் புட்வால்வைச் சரிசெய்ய ஒருவர் இறங்கியிருக்கலாம். பம்பின் இணைப்பில் அடைத்த செத்தையை மகன் கையால் எடுத்துக்கொண்டிருக்கலாம். வாலாஜாபாத் கடைத்தெருவில் நின்று கைப்பேசியை அழுத்துபவருக்கு இவர்கள் தெரிவதில்லை. அகச்சிவப்போ, வாங்கியைக் கண்ணால் பார்க்கும் இடத்தில் நின்றாலன்றி வேலை செய்யாது. வாங்கியையும் மோட்டாரையும் அருகருகே வைத்துவிட்டால், மோட்டாரைப் பார்க்காமல் ஓட்ட வழியே இல்லை. குறை என்று நாம் நினைத்த எட்டாமை இங்கே காவலாக நிற்கிறது. ஆகவே, ஆள் கைவைக்கக்கூடிய இயந்திரமானால் அகச்சிவப்பு; யாரும் தொடமுடியாதபடி ஆழ்குழாய்க்குள் இறங்கியிருக்கும் நீர்மூழ்கி மோட்டாரானால் கைப்பேசிக் கருவி. என் பரிந்துரை இவ்வாறே.

கைப்பேசிக் கருவி வைத்திருப்பவர் பழுதுபார்க்கத் தொடங்குமுன் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு இறங்குவது போதாது. மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று பீஸ்கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு இறங்கவேண்டும். பீஸ்கட்டை நம் மடியில் இருக்கும்போது உலகத்திலுள்ள எந்த ரிமோட்டும் அம்மோட்டாரை ஓட்டாது.

வீட்டில் தார் சுற்றும் மோட்டார் இராட்டைக்கு வருவோம். இதைப் பெரும்பாலும் பெண்களே இயக்குகின்றனர். சுழலும் கதிருக்கு அருகில் விரலும், சேலைத்தலைப்பும், கூந்தலும் இருக்கின்றன. தறிக்குழியில் இருக்கும் கணவர் ரிமோட்டினால் அதை ஓட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது. இராட்டை அதே அறையில் இருந்தாலும், அறுந்த இழையைத் தேடும் விரல் அவர் கண்ணுக்குத் தெரியாது. இராட்டையை ஓட்டுவது அதன்முன் அமர்ந்திருப்பவர் கையால் மட்டுமே நிகழவேண்டும். நிறுத்துவதற்கு ரிமோட் இருந்தால் இருக்கட்டும். நிறுத்தும் வழிகள் எத்தனை இருந்தாலும் கேடில்லை.

இதிலிருந்தே பழைய பொத்தானைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைக்கிறது. ரிமோட் வந்ததும் ஸ்டார்ட்டரின் பொத்தான்களை மூடிவிடுவதோ, சுவர்ச்சுவிட்சைக் கழற்றிவிடுவதோ கூடாது. பேட்டரி தீரும், ரிமோட் குழிக்குள் விழும், வாங்கிக்கு எதிரே ஒருவர் வந்து நிற்பார். ஆபத்து நேரத்தில் கை தானாகச் சென்று அடிக்கும் இடத்தில் சிவப்புப் பொத்தான் இருந்தாகவேண்டும். தரையிணைப்பு, மிகைச்சுமை ரிலே, ஒரு முனை போனால் நிறுத்தும் கருவி, 30 மில்லிஆம்பியர் கசிந்தால் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றின் வேலை எதையும் ரிமோட் செய்யாது. அவை இல்லாத இடத்தில், ரிமோட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் அவற்றுக்குச் செலவிடுவதே முறை.

‘தறியில் மின்சாரக் கருவி வைத்தால் கைத்தறி என்னும் பெயர் போய்விடாதா?’ என்ற ஐயமும் எழுந்துள்ளது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத தறியைக் கைத்தறி என்கிறது. விசையால் இயக்கப்படும் தறியே விசைத்தறி. விளக்கும், விசிறியும், தார் இராட்டையும் தறியை இயக்குவதில்லை. மத்திய அரசின் தறிக்கருவி உதவித் திட்டத்திலேயே விளக்கு வசதி இடம்பெற்றுள்ளது. தறியின் இயக்கத்திலேயே மோட்டாரைச் சேர்க்க நினைப்பவர் மட்டும், முன்னதாகக் காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்திலோ கைத்தறித் துறை அலுவலகத்திலோ கேட்டறிந்து செய்யவேண்டும். ஜக்கார்டு தூக்கும் மோட்டாருக்கு ரிமோட் எவ்விதத்திலும் உதவாது. ஒவ்வோர் ஊடைக்கும் ஒரு முறை தூக்கவேண்டியதற்குக் காலடிச் சுவிட்சே தக்கது.

செலவுக் கணக்கு

வாங்கி எப்பொழுதும் விழித்துக்கொண்டிருக்கவேண்டும். அதற்கு மின்சாரம் செலவாகும். அது 1 வாட்டு இழுப்பதாகக் கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட்டு. பொருட்படுத்தவேண்டியதில்லை. பழைய 75 வாட்டு விசிறியை நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட்டு ஆகும். அகச்சிவப்பு ரிமோட்டுடனேயே வரும் பி.எல்.டி.சி. விசிறிகளில் 28 வாட்டு இழுப்பவை உண்டு. அதே கணக்கில் 17 யூனிட்டுக்கும் குறைவு. கைத்தறியாளருக்கான இலவச மின்சாரம் 2023-ஆம் ஆண்டில் இரு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டிருப்பதால் பலருக்கு இந்த மிச்சம் ரூபாயாகத் தெரியாது. வரம்பை ஒட்டி நிற்கும் வீடுகளுக்குத் தெரியும். விசிறியை எப்படியும் மாற்றவேண்டியவர் இவ்வகையை வாங்கிவிட்டால், தனியாக ரிமோட் சுவிட்சு வாங்கவேண்டிய அவசியமே இல்லை.

விளக்குக்கு மட்டும் வசதி வேண்டுவோருக்கு ஒரு வார்த்தை. தறிக்கு அருகே, கைக்கெட்டும் உயரத்தில் சுவரிலோ தூணிலோ மற்றொரு சுவிட்சை, இருவழிச் சுவிட்சாக, வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அதற்குப் பேட்டரி வேண்டாம், அது தொலையாது. ஈரம் ஊறும் குழிக்குள் மட்டும் கம்பி இறங்கக்கூடாது. ரிமோட்டைத் தேடி வருபவருக்கு இதை முதலில் சொல்வதே நேர்மை என்று எண்ணுகிறேன்.

பலர் சேர்ந்து வாங்குவதாயின், சங்க நிர்வாகக் குழுவில் தீர்மானம் செய்து, மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, முதலில் ஒரே ஒரு கருவியை வாங்கி ஒரு தறிவீட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தபின் மற்றவற்றுக்கு ஆர்டர் கொடுப்பது வழக்கமான முறை. குறியீட்டைப் படிக்கும் வகை என்பதையும், ஓட, நிற்கத் தனித்தனிப் பொத்தான்கள் உண்டென்பதையும், மின்சாரம் போய் வந்தால் அணைந்த நிலையிலேயே நிற்கும் என்பதையும் விற்பவரிடம் பில்லிலேயே எழுதி வாங்கவேண்டும். ஒரே மாதிரிக் கருவியைப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பொருத்தும்போது, முகவரிக் குறியும் ஒன்றாக இருந்தால், திறந்த சன்னல் வழியே ஒரு வீட்டு ரிமோட் மறுவீட்டு விளக்கை அணைக்கக்கூடும். முகவரியை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ளதா என்றும் கேட்டுக்கொள்க.

ரிமோட் வேலை செய்யவில்லையென்றால் பழுது எங்கே என்று நாமே கண்டுபிடிக்கலாம். கைப்பேசிக் காமிராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டி, பொத்தானை அழுத்துக. கண்ணுக்குத் தெரியாத ஒளி காமிராவில் வெளிர் ஊதா நிறத்தில் மின்னும். பின்பக்கக் காமிராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் காமிராவில் பார்க்கவேண்டும்; சில கைப்பேசிகளில் பின்பக்கக் காமிரா அகச்சிவப்பை வடிகட்டிவிடுகிறது. மின்னினால் ரிமோட் நலம், கோளாறு வாங்கியில். மின்னாவிடில் பேட்டரியை மாற்றிப் பார்க்கவேண்டும். வாங்கியின் கண்ணை வெயில் விழாத பக்கமாக, தறியில் அமர்பவரின் முகத்துக்கு எதிராக, ஆளுயரத்துக்கு மேல் பொருத்துவது நன்று. தறிவீட்டில் பட்டுத்தூசியும் கஞ்சித்தூளும் அக்கண்ணின்மேல் படிந்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் போதும்.